உயிர் எரிபொருள் சூழலுக்கு நல்லதுதானா?

பெற்றோலுக்குப் பதிலாகக் கரும்பிலிருந்து எடுக்கும் எதனோல் என்ற உயிர் எரிபொருளை எரித்தால் சூழல் தப்பாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிர் உறிஞ்சிய காபனீரொட்சைட்டே எரியும்போது காற்றுக்குத் திரும்புகிறது என்பது சரி. ஆனால் அப்பயிருக்கு நிலமும் நீரும் எங்கிருந்து வந்தன என்பதே முதற்கேள்வி. இந்தோனேசியாவில், உயிர் எரிபொருளுக்கும் எண்ணெய் தரும் முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப்பனை) செய்கைக்காகச் சதுப்புக் காடுகளை வடித்து எரித்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் சேர்ந்திருந்த காபன் வெளியேறியது.

கிழக்கிலங்கையில் நம் பக்கத்திலும், கல்லோயா ஆற்று நீரை நம்பியே ஹிங்குராணைக் கரும்பும் அம்பாறை வட்டைகளின் (வயல்வெளிகளின்) நெல்லும் நிற்கின்றன. நெல் மூன்று, நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும். கரும்போ ஏறத்தாழ ஓராண்டு நின்று நீர் கேட்கும். மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசி வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். எரிபொருளுக்கெனக் கரும்பு பெருகினால், குத்தகைக்கு வேளாண்மை செய்பவரே முதலில் நிலம் இழப்பார். சீனி ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் எதனோலுக்கு இந்தக் குறை மிகக் குறைவு.