விளையாட்டில் வரும் சண்டை

கடிதம்:

வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைக்கிறேன். நான்கு வயதிலிருந்து பத்து வயது வரை இருக்கிறார்கள். பாதி நேரம் சண்டையிலேயே போய்விடுகிறது. "நீ அவுட்", "இல்லை, என்னைத் தொடவே இல்லை" என்று ஒரே கூச்சல். ஆறு வயதுப் பையன் ஒருவன் எப்போதும் முதலில் அவுட்டாகி, ஓரமாக உட்கார்ந்து அழுகிறான். இதற்குப் பதிலாக ஒரு பயிற்சியாளரை வைக்கலாம் என்கிறார்கள் மற்ற பெற்றோர்கள். எந்த விளையாட்டு எந்தத் திறனை வளர்க்கும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பட்டியல் வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் வீணாகப் போவதாகச் சொல்லும் அந்தப் பாதி நேரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கோலி விளையாடும் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிய ஆய்வு 1932இல் வெளிவந்தது. சிறிய பிள்ளைகள், விதி என்பது பெரியவர்கள் வகுத்தது, யாரும் மாற்றக்கூடாதது என்றார்கள். ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள்! பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளோ, எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்றார்கள், மாற்றிய விதிக்குக் கட்டுப்பட்டும் ஆடினார்கள். சம வயதுப் பிள்ளைகளோடு வாதாடி, விட்டுக்கொடுத்துப் பழகியதற்கு இந்த மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு என்பது பியாஜேயின் முடிவு. "தொட்டேன்", "தொடலை" என்று உங்கள் பிள்ளைகள் கத்துவது அந்தப் பழக்கம்தான். நீங்கள் ஓடிப்போய்த் தீர்ப்புச் சொன்னால் சண்டை நிற்கும், பழக்கமும் நின்றுவிடும்.

இன்னொன்று. இந்த ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நான் வரலை" என்று கிளம்பிவிடலாம். ஒரே அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனோடு மற்றவர்கள் சேரமாட்டார்கள், ஆட்டம் கலைந்துவிடும். ஆட்டம் தொடர வேண்டும் என்ற ஆசையில்தான் பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள். பயிற்சியாளரின் விசிலுக்குக் கீழே இது நடப்பதில்லை. பயிற்சியாளர் கூடாது என்று சொல்லவில்லை. வேறொரு நாளில் வரட்டும். இந்த ஒரு மாலையை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

திறன்களைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஓடுவதால் உடலுக்கு என்ன நன்மை என்பது உங்களுக்கே தெரியும். கண்ணாமூச்சியைக் கவனித்துப் பாருங்கள். சின்னக் குழந்தை தன் கண்ணை மூடிக்கொண்டு, ஒளிந்துவிட்டதாக நினைக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, தேடுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரியும் என்று யோசித்து ஒளியும். அடுத்தவர் கண் வழியாகப் பார்க்கும் இந்தத் திறனைப் பாடமாக நடத்த முடியாது. அப்புறம், "தலையைத் தொடு" என்றால் காலைத் தொட வேண்டும், "காலைத் தொடு" என்றால் தலையைத் தொட வேண்டும் என்றொரு ஆட்டம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனை அளக்க அமெரிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சோதனை ஏறக்குறைய இதுதான். சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையொன்றில் ஓட்டப் பந்தயக் கோட்டில் நிற்கும் குழந்தையைச் சொன்னார். உடனே ஓடத்தான் அதற்கு ஆசை, ஆனாலும் விதிக்காக நிற்கிறது, அப்படி நிற்பதிலேயே அதற்கு மகிழ்ச்சி இருக்கிறது. பெரியவர்கள் எத்தனை முறை "சும்மா இரு" என்றாலும் நிற்காத அதே குழந்தைதான்.

நீங்கள் குறுக்கிட வேண்டிய இடங்களும் உண்டு. கைநீட்டி அடித்தால் உடனே போங்கள். ஒரே பிள்ளையை வாராவாரம் ஒதுக்கினாலும் போங்கள். மற்றபடி கூச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழுகிற பையனைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரி. அவுட்டானவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டங்களில் எனக்கு உடன்பாடே இல்லை. யாருக்கு ஓடிப் பழக வேண்டிய தேவை அதிகமோ, அந்தப் பிள்ளைதான் முதலில் உட்காருகிறது. கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் 1970களில் இதற்கு மாற்றுகளைப் பரப்பினார். மியூசிக்கல் சேரில் நாற்காலியை மட்டும் எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். கடைசியில் எல்லாரும் இருக்கிற ஒன்றிரண்டு நாற்காலிகளில் ஒட்டிக்கொண்டு உட்கார வழி கண்டுபிடிக்க வேண்டும். ஓடிப்பிடிப்பதில், தொடப்பட்டவர் சிலையாக நிற்கட்டும், தோழர் வந்து தொட்டால் விடுதலை.

நான்கு வயதுக் குழந்தைக்கு விதியெல்லாம் முழுதாகப் பிடிபடாது. மற்றவர்களுக்குப் பக்கத்தில் தன்பாட்டுக்கு விளையாடுவதே அந்த வயதில் பல குழந்தைகளுக்குப் போதும். ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்காக வேகத்தைக் குறைத்து ஓடும் பெரிய பிள்ளைக்கும் அது நல்லதுதான்.

வரும் ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரையும் உட்கார வைத்து, "அவுட்டானவர் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அந்தப் பையனுக்கும் பேச வாய்ப்பு வரட்டும். அவர்கள் சொல்லும் விதி உங்களுக்குச் சரியாகப் படாவிட்டாலும் ஓர் ஆட்டம் அப்படியே ஆடிப் பார்க்கட்டும். சரிவரவில்லை என்றால் அவர்களே மாற்றுவார்கள். என்ன விதி போட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.