கால்மேல் கால்: குறை காலிலா, நாற்காலியிலா?

கேள்வி: புதிய அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் என்னையறியாமல் கால்மேல் கால் போட்டுக்கொள்கிறேன். அது என் பழக்கம் என்கிறார் விற்றவர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நிமிர்ந்து உட்காரும்போது இடுப்பைச் சாயாமல் நிறுத்த வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் உழைக்கின்றன. கால்மேல் கால் போட்டதும் அந்த உழைப்பு குறைவதால், எந்த நாற்காலியிலும் யாரும் அவ்வப்போது அப்படி உட்காரத்தான் செய்வார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு நாற்காலியில் மட்டும் ஓயாமல் அப்படித் தோன்றினால், அதன் அளவைச் சந்தேகிக்க வேண்டும். உயரம் மிகுந்து பாதம் தரையில் படியாவிட்டால், தொங்கும் கால் பிடிமானம் தேடும். ஆழம் மிகுந்தால் முதுகு சாய்மானத்தை எட்டாது, உடல் முன்னே வழுக்கும். "உடலுக்கு ஏற்ற வடிவமைப்பு" என்று பெரிதாக அச்சிடுகிற தயாரிப்பாளர்கள், இருக்கையை எவ்வளவு தாழ்த்த முடியும் என்பதை மட்டும் ஏன் மறைக்கிறார்கள் என்பது என் நெடுநாளைய கோபம். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 40 செ.மீ. உள்ளவருக்கு, 45 செ.மீ.க்குக் கீழே இறங்காத நாற்காலி எந்த வடிவமைப்பில் இருந்தால் என்ன? காலணியோடு அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு, மூன்று விரல்கள் நுழைய வேண்டும். மாற்றித் தர மறுத்தால், கால்பலகை ஒன்று உயரக் குறையைத் தீர்க்கும். தடித்த மெத்தை வேண்டாம்; நான் வாங்கியது இருக்கையை இன்னும் உயர்த்தியதுதான் மிச்சம்.

கேள்வி: படம் பார்த்து வாங்கிய மூன்றாவது நாற்காலியிலும் கால் தரையில் படவில்லை. நான்காவதாக எதை வாங்கலாம்?

பதில்: அளவுநாடா.

கேள்வி: கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அளந்தால் இரத்த அழுத்தமானி கூடுதலாகக் காட்டுகிறது. பழுதென்று திருப்பித் தரலாமா?

பதில்: கூடாது. அப்படி உட்கார்ந்தால் அழுத்தம் தற்காலிகமாக ஏறும். கருவி சரியாகவே காட்டுகிறது. பாதங்களைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு அளக்க வேண்டும். வாங்கியவர்கள் கையேட்டைப் பிரிப்பதே இல்லை.

கேள்வி: கால்மேல் கால் போடுவதால் காலில் நரம்பு சுருண்டுகொள்ளும் என்று பயமுறுத்தி, என் தாயாரிடம் இறுக்கக் காலுறைகளை விற்றுவிட்டார்கள்.

பதில்: இது ஏமாற்றுதான், தங்கள் தாயார்மேல் குறை ஏதும் இல்லை. நரம்புச் சுருட்டல் என்பது காலின் சிரைகள் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்கள்) வீங்கி முறுக்கிக்கொள்வது. பரம்பரை, முதுமை, கர்ப்பம், நெடுநேரம் நிற்பது ஆகியவையே அந்நோயோடு தொடர்புடையவை. கால்மேல் கால் போடுவதால் அது வரும் என்பதற்குச் சான்றில்லை. காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் அடைப்பு உள்ளவருக்கு இறுக்கக் காலுறை தீங்கும் செய்யலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை அதை அணிய வேண்டாம். விற்றவர் சொன்னதையும் விளம்பர வாசகத்தையும் குறிப்பிட்டு, இரசீதின் நகலோடு, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்துமூலம் கடிதம் அனுப்புங்கள்; தொலைபேசியில் வாதாடினால் நாளை சொல்லவே இல்லை என்பார்கள்.