படித்தது மனதில் நிற்க என்ன வழி?

"நாற்பதைத் தாண்டியதும் படிப்பது எதுவும் தங்குவதில்லை, வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் படிக்கிற முறையில்தான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகி, தெரிந்துவிட்டதாகத் தோன்றும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

என் அம்மா மளிகைச் சீட்டை எழுதிப் பையில் போட்டுக்கொள்வார். கடையில் அதை எடுக்காமல் துவரம்பருப்பு, சீரகம், பெருங்காயம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் பிரித்துச் சரிபார்ப்பார். நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். புத்தகத்தை மூடுங்கள், நினைவிருப்பதை எழுதுங்கள், அப்புறம் திறந்து, விடுபட்டதைப் பாருங்கள். மறுநாள் ஒருமுறை, 3 நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. திணறித் திணறி ஞாபகம் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், பதிவதே அந்தத் திணறலில்தான்.

தூக்கத்தைக் குறைக்காதீர்கள். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில்.

மறதி திடீரென்று கூடினாலோ, பழகிய தெருவிலேயே வழி தடுமாறினாலோ மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு இரண்டுமே மறதியைத் தரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.