மலையுச்சியில் எஸ்டபிள்யூஆர் ஏறுவது ஏன்?

வணக்கம் நண்பரே. வீட்டில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3 காட்டிய உங்கள் அமெச்சூர் வானொலி ஆண்டெனா, அதாவது 20 மீட்டர் அலைவரிசைக்கான அரை அலை ஒயர், ஆல்ப்ஸ் உச்சியில் 4 காட்டுகிறது. இரு முனையும் பாறையை ஒட்டிக் கிடந்தன என்கிறீர்கள். காரணம் அதுதான். அரை அலை ஒயரின் முனைகளில்தான் மின்னழுத்தம் உச்சம். அவை தரையருகே வந்தால் மின்தேக்கம் கூடி, ஒத்ததிர்வு (ஒயர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) அந்த அலைவரிசையின் 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். ஈரப்பாறை என்றால் இன்னும் மோசம்.

6 மீட்டர் மடக்குக் கம்பத்தில் ஒயரின் நடுவைத் தூக்கி, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நிறுத்துங்கள். பிறகும் ஒத்ததிர்வு கீழேயே இருந்தால் கடைசி 10 செ.மீ.யை மடித்துச் சுற்றிவிடுங்கள்; வெட்டவே வேண்டாம், அடுத்த மலையில் அந்த நீளம் தேவைப்படும்.

இன்னொன்று: ஒயரின் முனையை ரேடியோவுக்குப் பொருத்தும் 49:1 மின்மாற்றியை ரேடியோவிலேயே நேராகச் செருகினால், மின்னோட்டம் திரும்பும் எதிர்முனையாக உதவும் கோஆக்ஸ் கேபிளின் உலோக உறை இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு மீட்டர் ஒயரை மின்மாற்றியின் தரைமுனையில் கட்டுங்கள். எந்த அதிர்வெண்ணிலும் எஸ்டபிள்யூஆர் இறங்கவேயில்லை என்றால், நீளத்தை விட்டுவிட்டு மின்மாற்றியின் பற்றவைப்பைப் பாருங்கள். பயணத்தில் அது விட்டுப்போவதுண்டு.

அழைப்புக்குறி பற்றியும் கேட்டிருந்தீர்கள். செப்ட் ஏற்பாட்டில் (ஒரு நாட்டு வானொலி உரிமத்தை வேறு நாட்டில் தற்காலிகமாகப் பயன்படுத்த விடும் ஐரோப்பிய ஏற்பாடு) நீங்கள் போகும் நாட்டின் முன்னொட்டு முதலில் வரும்: ஆஸ்திரியாவில் ஓஇ, சாய்கோடு, பிறகு உங்கள் குறி. உங்கள் உரிமம் அதற்குத் தகுதியானதா என்று கிளம்பும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.