கர்ப்பப்பையோடு கருக்குழாயையும் எடுத்தால் மெனோபாஸ் சீக்கிரம் வந்துவிடுமா?

உங்களுக்கு வயது 42, ஃபைப்ராய்டு எனும் கர்ப்பப்பைக் கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள், புற்றுநோய் வராமல் இருக்க இரண்டு கருக்குழாயையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். நானும் 44 வயதில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். டாக்டர் இல்லை, அப்போது கேட்டுத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

ஹார்மோன் சுரப்பது சினைப்பை. கருக்குழாய் முட்டை போகிற வழி, அவ்வளவுதான். அதனால் குழாயை எடுத்த மறுநாளே மெனோபாஸ் என்ற பேச்சே இல்லை. சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் உயிரைக் குடிக்கும் வகை, பெரும்பாலும் குழாயின் விரல்போல் விரிந்த நுனியில்தான் தொடங்குகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010லிருந்தே, கர்ப்பப்பையை எடுக்கும்போது குழாயையும் எடுத்துவிடச் சொல்லிவருகிறார்கள்.

சந்தேகம் ரத்த ஓட்டத்தால் வருகிறது. சினைப்பைக்கு மகாதமனியிலிருந்து நேராக ஒரு ரத்தக்குழாய் வருகிறது. கர்ப்பப்பைப் பக்கமிருந்து ஒரு கிளையும் வருகிறது. இரண்டும் சேரும் நுண்கிளைகள் சினைப்பைக்கும் கருக்குழாய்க்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வுக்குள் ஓடுகின்றன. குழாயை ஒட்டியே வெட்டினால் அவை தப்பிக்கும். தள்ளி வெட்டினாலோ, கருவியின் சூடு பட்டாலோ சேதமாகலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பிரிட்டிஷ் கொலம்பியா மருத்துவப் பதிவுகளில், குழாயையும் எடுத்தவர்கள் மெனோபாஸுக்காக டாக்டரிடம் சீக்கிரம் போனதாகத் தெரியவில்லை. ஸ்வீடன் பதிவேட்டிலோ, ஓராண்டு கழித்து அவர்களிடம் மெனோபாஸ் அறிகுறிகள் சற்று அதிகம். எனவே 'ஒன்றுமே ஆகாது' என்று அடித்துச் சொல்பவர்களை நான் முழுக்க நம்புவதில்லை.

ஆனால் குழாயைவிட கர்ப்பப்பையை எடுப்பதைத்தான் யோசிக்க வேண்டும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது மெனோபாஸை முன்னே தள்ளலாம். அமெரிக்காவில் 2011ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு ஆண்டு முடிவில் அப்படி ஆபரேஷன் செய்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குச் சினைப்பை ஓய்ந்திருந்தது. செய்யாதவர்களில் 8 சதவீதம். நம் நாட்டில் மெனோபாஸ் வரும் சராசரி வயதே 46, 47தான். 45ல் வந்தால் குழாய்மேல் பழி போட முடியாது.

இன்னொரு சிக்கல், கர்ப்பப்பையை எடுத்தபின் மாதவிடாயே இல்லாததால் மெனோபாஸ் எப்போது வந்தது என்று தெரியாது. ஆபரேஷனுக்கு அடுத்த சித்திரையில் எனக்கு ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டியது. சென்னையில் அது மெனோபாஸில் வரும் ஹாட் ஃப்ளஷ்ஷா, கரண்ட் கட்டா என்று யார் கண்டது? மார்கழியிலும் போர்வையை உதறிவிட்டு எழுந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். சினைப்பை ஓய்கிறதா என்று பார்க்க எஃப்.எஸ்.எச். எனும் ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

உங்கள் குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருந்தால் கதை வேறு. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு 35 முதல் 45 வயதுக்குள் சினைப்பையையும் சேர்த்து எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். அப்போது மெனோபாஸ் உடனே வந்துவிடும். முதலில் குழாய், சினைப்பை பிறகு என்ற முறையை நெதர்லாந்தில் சோதிக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு மெனோபாஸ் தொல்லை குறைவாக இருந்தது. புற்றுநோயிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்பது இன்னும் கண்காணிப்பில் இருக்கிறது.

வீட்டில் யாராவது 'பிள்ளை பெத்தாச்சு, எல்லாத்தையும் எடுத்துடுங்க' என்பார்கள். என் நாத்தனார் சொன்னார். அதற்குத் தலையாட்டாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் 'சல்பிஞ்செக்டமி' என்றிருந்தால் குழாய் மட்டும். கூடவே 'ஊஃபரெக்டமி' என்று ஒட்டியிருந்தால் சினைப்பையும் போகிறது. சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள். 'குழாயை ஒட்டியே வெட்டுவீர்களா?' என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.