பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு எந்த மென்பொருள்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை டிசைனும் அனிமேஷனும் கற்றுத்தர மென்பொருள் தேர்வு செய்யச் சொல்லியிருக்கிறது நிர்வாகம். கணினிகள் பழையவை, 4 ஜிபி ரேம்தான். இணையம் உண்டு, ஆனால் வகுப்பே சேர்ந்து பயன்படுத்தினால் இழுக்கும். பெயர் பெற்ற கட்டண மென்பொருளையே வாங்கலாம் என்று சிலர், இலவசம் போதும் என்று சிலர். எதைச் சொல்ல?

பதில்: வாங்குவதா வேண்டாமா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆய்வகத்தில் இருப்பதிலேயே மெதுவான கணினி எது என்று பாருங்கள், அதில் எது தடங்கலில்லாமல் ஓடுகிறதோ அதைத்தான் வகுப்பு முழுக்கச் சொல்லித்தர முடியும். அடுத்து, அதை மாணவர்கள் வீட்டிலும் போட்டுப் பார்க்க முடியுமா? வரைகலை கைக்கு வருவது வகுப்பில் இல்லை, வீட்டில் தானாக நோண்டும்போதுதான். இந்த இரண்டுக்கும் இலவச, திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும்) மென்பொருள்கள்தான் ஈடுகொடுக்கின்றன என்பது என் தெளிவான கருத்து. ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013-லிருந்து தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில்தான் தருகிறது. பொதுக் கணினிக்கான உரிமம் வாங்கினாலும் ஒவ்வொரு மாணவரும் தன் கணக்கில் நுழைந்தால்தான் வேலை தொடங்கும். உங்கள் இணைய வேகத்தில் வகுப்பின் முதல் பத்து நிமிடம் அதற்கே போய்விடும்.

சரி, எதை யாருக்கு? ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச், கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்திப் படங்களை நகர்த்தும் மென்பொருள். இணையமில்லாமல் ஓடும் செயலியாகவே கிடைக்கிறது, அதை எல்லாக் கணினியிலும் ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். எட்டாம் வகுப்பிலிருந்து டிசைனுக்கு இங்க்ஸ்கேப், புகைப்பட வேலைக்கு கிம்ப். கிம்பில் ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: 'சேவ்' கொடுத்தால் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும், பிஎன்ஜியோ ஜேபெக்கோ வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும். இது தெரியாத பிள்ளைகள் பென் டிரைவில் எக்ஸ்சிஎஃப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், படம் திறக்கவில்லை என்று அழுதுகொண்டு வருவார்கள்.

அனிமேஷனுக்குப் பென்சில்2டியில் தொடங்குங்கள். பொத்தான்கள் கொஞ்சம்தான், பழைய கணினியிலும் ஓடும். ஒரு பந்து கீழே விழுவதை 12 படங்களாக வரையச் சொல்லுங்கள், நொடிக்கு 12 படம் என்று வைத்தால் அது சரியாக ஒரு நொடி. 'ஆனியன் ஸ்கின்' போட்டால் முந்தைய படம் மங்கலாகப் பின்னால் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். பந்து மேலே இருக்கும்போது படங்கள் நெருக்கமாக, தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றையும் சம இடைவெளியில் வரைந்தால் பந்து லிஃப்ட் மாதிரி இறங்கும். இதை ஓட்டிப் பார்த்த மாணவனுக்கு வேகம், முடுக்கம் எல்லாம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அப்புறம் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இடைப்பட்ட படங்களைத் தானே நிரப்பும் சின்ஃபிக், ஓவியம் போலக் கையால் வரையும் கிருதா என்று போகலாம்.

கிருதாவில் மட்டும் நினைவகக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1920-க்கு 1080 பிக்சல் அளவுள்ள ஒரு படம் ரேமில் ஏறத்தாழ 8 எம்பி இடம் பிடிக்கும், 100 படம் என்றால் ஒரே லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளில் ஒன்றுக்கு) 800 எம்பி. 4 ஜிபி கணினி அங்கேயே திணறத் தொடங்கும். 1280-க்கு 720 என்று வைத்தால் பாதிக்கும் குறைவுதான் ஆகும், திரையில் பார்க்க அது தாராளம்.

பதினொன்றாம் வகுப்பில் முப்பரிமாண (3டி) அனிமேஷனுக்கான பிளெண்டர் கேட்பார்கள். 2002-லிருந்து திறந்த மூலமாக இருக்கும் அருமையான மென்பொருள், ஆனால் இப்போதைய பதிப்புகளுக்கு 8 ஜிபி ரேமும் ஓரளவு புதிய கிராஃபிக்ஸும் வேண்டும், உங்கள் கணினிகளில் பலவற்றில் திறக்கவே திறக்காது. பழைய 2.79 பதிப்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2019-ல் வந்த 2.80-இல் முகப்பே மாறிவிட்டது, மாணவர்கள் வீடியோவில் பார்ப்பது ஒன்று, திரையில் இருப்பது வேறொன்று என்று குழம்புவார்கள். மென்பொருளுக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் அதில் இரண்டு நல்ல கணினி வாங்கி, ஆர்வமுள்ளவர்களுக்கு முறைவைத்துக் கொடுங்கள். மூன்று பொத்தான் மவுஸ் கட்டாயம், காட்சியைச் சுழற்றுவது நடுப் பொத்தானில்தான்.

கேள்வி: எங்கள் பாடக்குறிப்பில் இன்னமும் ஃப்ளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருள்தான் இருக்கிறது. அதையே நடத்தலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் படங்களை உலாவியில் ஓட்டும் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, பிள்ளைகள் செய்வது எந்த உலாவியிலும் ஓடாது. ஆனால் அந்தக் குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். டைம்லைன், கீஃபிரேம் (அசைவின் முக்கிய நிலையைக் குறிக்கும் படம்), லேயர், ட்வீன் (இரண்டு கீஃபிரேமுக்கு இடைப்பட்ட படங்களைக் கணினியே நிரப்புவது) என்று அதில் இருக்கும் கருத்துகள் எல்லாம் மற்ற மென்பொருளிலும் அப்படியே செல்லும். ட்வீன் பயிற்சிகளை சின்ஃபிக்கில் செய்யச் சொல்லி, முடிவை எம்பி4 வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இலவச மென்பொருளில் படித்தால் பின்னாளில் வேலைக்கு உதவுமா? பெற்றோராகக் கேட்கிறேன்.

பதில்: 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவாக்கப்பட்ட படம். ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் என்ற மென்பொருள்தான் 2016-லிருந்து ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் யாருக்கும் இலவசம். வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது நீங்கள் செய்த படங்களைத்தான். ஒரு மென்பொருளில் கை பழகினவர்களுக்கு இன்னொன்றின் பொத்தான்கள் சில வாரங்களில் பழகிவிடும். உங்கள் பிள்ளை செய்வதையெல்லாம் தேதியோடு ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், அதுதான் பிறகு கைகொடுக்கும்.

கேள்வி: எல்லா மாணவருக்கும் வரையும் டேப்லெட் வேண்டுமா?

பதில்: தேவையில்லை. இங்க்ஸ்கேப்பிலும் சின்ஃபிக்கிலும் புள்ளி வைத்துக் கோட்டை வளைப்பதுதான் வேலை, அதற்கு மவுஸே வசதி. கையால் வரையும் பென்சில்2டி, கிருதா வகுப்புகளுக்கு மூன்று நான்கு டேப்லெட் வாங்கிச் சுற்றிவிடுங்கள். மற்றவர்கள் தாளில் வரைந்து, படமெடுத்துக் கணினியில் ஏற்றட்டும்.