கடலோரப் பாறைகளில் உள்ள புதைபடிவங்களைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

கையில் இருக்கும் லென்ஸே போதும். பணம் செலவழிப்பதற்கு முன்னால் ஓத அட்டவணையையும் (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்), அந்த நேரத்தில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதையும் பாருங்கள். எனக்குப் பழக்கமான லைம் ரீஜிஸை வைத்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சிற்றூர் அது. கோப் என்ற பழைய அலைத்தடுப்புச் சுவருக்கு மேற்கே, மன்மத் கடற்கரையில், தரையோடு தரையாக ஒரு சுண்ணாம்புப் பாறைத்தட்டு கிடக்கிறது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட கடல் உயிரினங்கள்) அதில் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. பூஜையறைச் சாளக்கிராமத்தில் தெரியும் சுருளும் அம்மோனைட்தான். ஆனால் இங்கே சில அரை மீட்டருக்கும் மேல் அகலம்!

கடல் நன்றாக உள்வாங்கினால்தான் தட்டு முழுதாகத் தெரியும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் வற்றம் அதிகம். அந்த நாட்களில் இங்கே பகல் வற்றம் நண்பகலையொட்டி வரும். ஜூன் மாதக் கோடையில் அந்நேரம் சூரியன் 60 டிகிரிக்கு மேல் நிற்பதால் சுருளின் வரிகளுக்கு நிழலே விழாது, படம் தட்டையாகிவிடும். டிசம்பர் கடைசியிலோ நண்பகலிலும் 16 டிகிரிதான். சாய்ந்து விழும் அந்த வெயிலில் ஒவ்வொரு வரியும் புடைத்துத் தெரியும். அந்த அழகுக்காக எவ்வளவு குளிரையும் தாங்கலாம் என்பேன்.

கோடையில்தான் போக முடியும் என்றால், ஒரு குடையால் வெயிலை மறைத்து, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தரையையொட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைக்க, லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி உதவும். கேமராவைப் பாறைக்கு இணையாகப் பிடித்து, லென்ஸ் துளையின் அளவை (அபர்ச்சர்) எஃப் 8 அல்லது 11-இல் வையுங்கள். ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

அப்புறம், வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், கடல் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். செங்குத்துப் பாறைகளின் அடியில் நிற்கவே நிற்காதீர்கள். மழைக்குப் பின் அவை சரியும், குளிர்காலத்தில் இன்னும் அதிகமாக. பாறைத்தட்டில் சுத்தியல் படவே கூடாது. அங்கே பதிந்திருப்பது அங்கேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு அரித்துவிடும்.